புள்ளி உதிராத எழுத்து

நண்பர் ஒருவர் நடத்தும் சிறிய படிப்பகத்தின் கண்ணாடிக் கதவுக்காகத் ‘தள்ளவும்’, ‘இழுக்கவும்’ என்ற இரண்டு சொற்களை வினைலில், அதாவது பின்புறம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளில், வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வெட்டு இயந்திரம் வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒட்டி முடித்துச் சற்று விலகி நின்று பார்த்தபோது எழுத்துகள் நேர்த்தியாகவே தெரிந்தன. நான்காம் நாள் மீண்டும் அங்கே போனபோது கதவில் ‘தளளவும’ என்று இருந்தது. மற்றொரு சொல்லில் ககர மெய்யின் புள்ளியும் போயிருந்தது. இரு சொற்களிலும் சேர்த்து இருந்தவை நான்கே புள்ளிகள்; அவற்றில் மூன்று உதிர்ந்துவிட்டன. எழுத்துகளின் உடலோ எங்கும் விளிம்பு தூக்காமல் அப்படியே இருந்தது.

மூன்று வட்டங்களை வெட்டி அதே இடத்தில் ஒட்டியிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரே தாளில், ஒரே கத்தியால், ஒரே நாளில் வெட்டிய எழுத்து நிற்கும்போது அதன் புள்ளி மட்டும் ஏன் விழ வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, கோப்பைத் தயாரிப்பதில் தொடங்கிக் கண்ணாடியைத் துடைப்பது வரை நான் செய்திருந்த ஒவ்வொரு சிறு பிழையும் அந்த வட்டங்களில்தான் வெளிப்பட்டிருந்தது என்று தெரிந்தது. பெரிய பரப்புள்ள எழுத்து நம்முடைய பல தவறுகளைத் தாங்கிக்கொள்கிறது. புள்ளியால் தாங்க முடிவதில்லை. வினைல் வெட்டுவது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்துகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு சிற்றெழுத்துகளின் தலையில்தான் புள்ளி இருக்கிறது. நமக்கோ புள்ளி இல்லாத சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே தமிழில் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை பயன்படலாம் என்று நினைக்கிறேன்.

கிரிகட், சில்லவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்என்கட் போன்ற வீட்டு இயந்திரங்கள் எல்லாமே அடிப்படையில் பேனாவுக்குப் பதிலாகக் கத்தி பிடித்த பிளாட்டர்கள்தான் (பிளாட்டர் என்பது கணினி சொல்லும் கோடுகளைத் தாளில் வரையும் கருவி). பக்கவாட்டில் கத்தி நகர்வதற்கும், முன்னும் பின்னும் தாள் நகர்வதற்கும் தனித்தனி மோட்டார்கள் உண்டு. இரண்டும் இணைந்து வளைவை வரைகின்றன. அவற்றில் வினைலுக்குப் பெரிதும் பயன்படும் கத்தியைத் திருப்புவதற்கென்று மோட்டார் எதுவும் கிடையாது. உருளும் நாற்காலியின் சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்புவதைப் போல, இழுக்கப்படும் திசைக்கு இக்கத்தி தானே திரும்பிக்கொள்கிறது. அப்படித் திரும்புவதற்காகவே அதன் முனை, சுழலும் அச்சின் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி அமைக்கப்பட்டிருக்கிறது. வினைலுக்கான கத்திகளில் இந்த விலகல் பொதுவாகக் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

இந்தக் கால் மில்லிமீட்டர்தான் புள்ளியின் முதல் எதிரி. ஓர் எழுத்தை வெட்டி முடித்துக் கத்தி மேலே எழும்பும்போது, அதன் முனை கடைசியாகச் சென்ற திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்துப் புள்ளியின் மேல் இறங்கியதும் அது புதிய திசைக்குத் திரும்பிக்கொள்ள ஒரு சிறு தூரம் தேவைப்படுகிறது. நீண்ட கோட்டில் அந்தத் தூரம் கண்ணுக்குத் தெரியாது. 2 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவோ வெறும் 6.3 மி.மீ.; அதற்குள் கத்தி ஒரு முழுச் சுற்றும் திரும்பியாக வேண்டும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சரியாகச் சந்திக்காவிட்டால் வட்டம் மழைத்துளி போல ஒரு பக்கம் கூம்பிவிடும், அல்லது ஒரு மயிரிழையில் சுற்றியுள்ள வினைலோடு ஒட்டியே நிற்கும். பிறகு வேண்டாத வினைலை உரிக்கும்போது புள்ளியும் அதனோடு எழும்பி வரும். என் முதல் தாளிலும் இரண்டு புள்ளிகள் அப்படி எழும்பின. நான் அவற்றை விரலால் அழுத்தி உட்காரவைத்துவிட்டு மேலே போய்விட்டேன். எழும்பிய புள்ளியின் அடியில் என் விரலின் எண்ணெய்ப் பசை அப்போதே படிந்திருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெரும்பாலான மென்பொருள்களில் ‘ஓவர்கட்’ என்றொரு அமைப்பு இருக்கிறது; அதை இயக்கினால் கத்தி தொடங்கிய இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் வெட்டி வட்டத்தை முழுதாக மூடிவிடும். மற்றொன்று வேகத்தைக் குறைப்பது. இரண்டு சொற்களை வெட்ட அரை நிமிடம் கூடுதலாவதில் யாருக்கும் இழப்பில்லை.

கோப்புக்கு வருகிறேன். தமிழ் எழுத்தை நேரடியாக வெட்டு மென்பொருளில் தட்டச்சு செய்தால் எல்லா நேரமும் சரியாக வராது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்பதும், ஒகரக் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் அமர்வதும் மென்பொருள் செய்ய வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கு தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும். சில நேரங்களில் நடுவே சிறு புள்ளிகளாலான ஒரு வட்டமும் முளைக்கும். ஆகவே நான் எதையும் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில்தான் தட்டச்சு செய்கிறேன். அங்கே எழுத்து சரியாக அமைந்ததும் ‘பாத்’ பட்டியலில் உள்ள ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் அதை வெறும் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு அது எழுத்து என்பதே இயந்திரத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த படியைப் பலர் தவறவிடுகிறார்கள். உயிர்க்குறியும் மெய்யும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி வரையப்பட்ட எழுத்துருக்கள் உண்டு. திரையில் ஒரே கருப்பாகத் தெரிவதால் ஏறி நிற்பது கண்ணில் படாது. ஆனால் கத்தி நிறத்தைப் பார்ப்பதில்லை, கோட்டை மட்டுமே பின்தொடர்கிறது. ஏறி நிற்கும் இடத்தில் இரண்டு கோடுகளையும் வெட்டிவிடும். ‘தி’ என்று வெட்டினால் கொக்கி தனியாகவும் தகரம் தனியாகவும் கழன்று வருவது இதனால்தான். ‘யூனியன்’ கட்டளை எல்லாவற்றையும் ஒரே உருவாக இணைத்துவிடும். நிரப்பு நிறத்தை நீக்கிவிட்டு வெறும் கோடுகளை மட்டும் பார்த்தால், எங்கே இணையவில்லை என்பது உடனே தெரியும். இதைப் பார்க்காமல் நான் எந்தக் கோப்பையும் இயந்திரத்துக்கு அனுப்புவதில்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில் அழகைவிடக் கோட்டின் தடிமனுக்கே நான் முதலிடம் தருகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், பலூ தம்பி ஆகிய மூன்றும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் பலூ தம்பியின் உருண்டு தடித்த கோடுகள் வினைலுக்கென்றே வரைந்தவை போல இருக்கின்றன. மென்கோட்டு எழுத்துருக்களில் ழகரத்தின் வால் நூலிழையாகி, வெட்டிய எழுத்தைப் பரப்புக்கு மாற்ற உதவும் டேப்பைத் தூக்கும்போது சுருண்டுகொள்ளும். எந்த எழுத்துருவாக இருந்தாலும் புள்ளியை மட்டும் தனியே தேர்ந்தெடுத்துச் சற்றுப் பெரிதாக்குகிறேன். 2 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 3 சதுர மி.மீ.; விட்டத்தை 3 மி.மீ. ஆக்கினால் பரப்பு 7 சதுர மி.மீட்டருக்கு ஏறிவிடுகிறது. கண்ணுக்கு அரைப்பங்குதான் பெருத்ததுபோலத் தோன்றும், பசை பிடிக்கும் இடமோ இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். எழுத்துருவை வடிவமைத்தவர்கள் இதை விரும்பமாட்டார்கள். ஆனால் அவர்கள் தாளையும் திரையையும் நினைத்து வரைந்தார்கள், நாம் பசையை நினைத்து வெட்டுகிறோம்.

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதும் வழக்கம் இருந்தது; எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். படிப்பவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கூரிய முனையும் மெல்லிய பரப்பும் சந்திக்கும்போது முதலில் இடறுவது புள்ளி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கதவில் ‘தளளவும’ என்று பார்த்தவர்களும் சரியாகவே படித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று நண்பர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இனி வினைலைப் பற்றி. வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு, அதாவது பிவிசி. இயல்பில் விறைப்பான இந்தப் பொருளை நெகிழ்வூட்டிகள் சேர்த்து வளையக்கூடியதாக ஆக்கும் முறையை 1926இல் வால்டோ செமன் கண்டறிந்தார். தாளை உரித்தால் தானே ஒட்டும் லேபிளை 1935இல் ஸ்டான்டன் ஏவரி உருவாக்கினார். இவ்விரண்டும் சந்தித்த இடத்தில்தான் நம் மேசைமேல் இருக்கும் சுருள் நிற்கிறது. அந்தச் சுருளிலும் இரு குலங்கள் உண்டு. சூடான உருளைகளுக்கு இடையே பிசைந்து அழுத்தித் தகடாக்கியது காலண்டர்டு வினைல். திரவமாக ஊற்றி அடுப்பில் உலரவைத்து எடுத்தது காஸ்ட் வினைல். உருளையில் இழுபட்ட தகடு இழுபடுவதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பவே பார்க்கும். ஆகவே வெயிலில் காலப்போக்கில் ஓரங்கள் சுருங்கி, சுற்றிலும் வெளிப்படும் பசையில் அழுக்கு ஒரு கருங்கோடாகப் படியும். ஊற்றி எடுத்ததில் அந்த இழுவிசை இல்லாததால் அது வளைந்த பரப்பிலும் பல ஆண்டுகள் அடங்கியிருக்கும்.

வீட்டு வேலைக்குக் காலண்டர்டு வகையே போதும். ஆனால் அதற்குள்ளும் பசை வேறுபடுகிறது என்பதை நான் கவனிக்காமல் போனேன். எடுத்துக்காட்டாக, ஓராக்கல் 631 என்ற வினைல் சுவர்களுக்கானது: 80 மைக்ரான் தடிமன், மங்கலான மேற்பரப்பு, பின்னாளில் சுவடின்றி உரித்தெடுக்கும்படியான மென்பசை. ஓராக்கல் 651 அதைவிட மெல்லியது, 63 மைக்ரான். பளபளப்பானது, நிலையாகப் பிடிக்கும் பசையுடையது. கதவுக்கு நான் பயன்படுத்தியது 631. பளபளப்பு இல்லாத கருப்பு கண்ணாடியில் அழகாக இருக்கும் என்று எண்ணியதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நாளெல்லாம் கைபடும் கதவில், 2 மி.மீ. வட்டத்துக்கு, உரித்தெடுக்கவென்றே செய்த பசையை நம்பியது என் தவறு.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தியால் வெட்டும் இதே வினைலை யாரும் லேசர் இயந்திரத்தில் வைத்துவிடக் கூடாது. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. அது நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் உலோகத்தையும் அரிக்கும்.

கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதற்கு எண்களைவிடப் பின்தாளே நல்ல சாட்சி. வினைலும் பசையும் முழுதாக அறுபட வேண்டும். அடியிலுள்ள சிலிகான் பூசிய தாளில் நகத்தால் கீறியதுபோன்ற மெல்லிய தடம் மட்டும் விழ வேண்டும். சோதனை வெட்டுக்கு இயந்திரங்கள் ஒரு சிறு சதுரத்தையோ முக்கோணத்தையோ தருகின்றன. தமிழுக்கு அது போதாது. நான் ‘ம்’ என்ற ஓர் எழுத்தைச் சிறிய அளவில் ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன். நேர்க்கோடு, கூர்மூலை, மூடிய வளைவு, புள்ளி ஆகிய நான்கும் அந்த ஓர் எழுத்தில் இருக்கின்றன. அதன் மூலை தூக்காமலும், வயிற்றுத் துண்டு தனியாகக் கழன்றும், புள்ளி அசையாமலும் வந்தால் அந்தத் தாளில் எதையும் நம்பி வெட்டலாம். மூலை மட்டும் கிழிந்தால் கத்தி மழுங்கியிருக்கலாம், அல்லது அதன் உறைக்குள் வினைல் துணுக்கு சிக்கியிருக்கலாம். அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன் கத்தியைக் கழற்றிப் பாருங்கள்.

வெட்டிய பின் வேண்டாத பகுதியை நீக்குவதை ஆங்கிலத்தில் வீடிங் என்கிறார்கள். களையெடுப்பு என்ற நம் சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. பயிரை மிதிக்காமல் களையை மட்டும் பிடுங்க வேண்டும் என்பதால் பொறுமையும் அதே அளவு வேண்டியிருக்கிறது. க, வ, ள, ம போன்றவற்றின் மூடிய வயிறுகளை ஊசிமுனைக் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். சுற்றியுள்ள பெரும்பரப்பை உரிக்கும்போது மேலே தூக்காமல், தாளோடு ஒட்டினாற்போல மடக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தூக்கி இழுத்தால் புள்ளிகள் கூடவே எழும்பும். அப்படி எழும்பியவற்றில் சில நிலைமின்னால் விரலிலோ கொக்கியிலோ போய் ஒட்டிக்கொள்ளும். சில தரையில் விழுந்து காணாமலும் போகும்.

கதவு வேலையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் முறை வெளிப்பக்கத்தில் ஒட்டியதால் வருவோர் போவோர் கைகளும் துடைப்புத் துணியும் எழுத்தின்மேல் நேரடியாகப் பட்டன. இரண்டாம் முறை அதே சொற்களை உட்புறத்தில் ஒட்டி, வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் படிக்கும்படி செய்யத் தீர்மானித்தேன். அதற்குச் சொல்லை இடவலமாகத் திருப்பி வெட்ட வேண்டும். திருப்பிய தமிழெழுத்தில் களையெடுப்பது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. பழகிய கண்ணுக்கு ‘ழு’ அங்கே எழுத்தாகவே தெரியவில்லை. எது உடல், எது வெற்றிடம் என்று தடுமாறி, இகரத்தின் உட்சுழியை வெற்றிடம் என்று எண்ணி அறுத்துவிட்டேன். ஒரு தாள் அப்படி வீணாயிற்று.

அதன் பிறகுதான் தலைகீழ்க் களையெடுப்பை முயன்றேன். வழக்கமாகக் களையை நீக்கிவிட்டு எழுத்தின்மேல் டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டுவோம். இம்முறையில் வெட்டியதும் எதையும் நீக்காமல் தாள் முழுவதன்மேலும் டேப்பை ஒட்டி, நன்றாகத் தேய்த்து, அப்படியே கவிழ்த்துவிட வேண்டும். இப்போது பின்தாள் மேலே இருக்கும். அதை மெதுவாக உரித்தால் வினைல் முழுவதும் டேப்பிலேயே தங்கி, பசைப்பக்கம் நம்மைப் பார்த்தபடி இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து களையைப் பிடுங்க வேண்டும். புள்ளியின் முகம் முழுவதையும் டேப் பிடித்துக்கொண்டிருப்பதால் பக்கத்து வினைலை உரிக்கும்போது அது எளிதில் அசைவதில்லை. களை எடுத்த துணுக்கு மறுபடி எழுத்தின் பசையில் விழுந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்; விழுந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது.

கவிழ்த்துப் பின்தாளை உரித்த அந்த நொடியில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. உட்புறக் கண்ணாடிக்காகத் திருப்பி வெட்டிய சொற்கள், பசைப்பக்கத்திலிருந்து பார்த்தபோது நேராகத் தெரிந்தன. யோசித்தால் இது வெளிப்படையானதுதான்: வெளியிலிருந்து கதவைப் பார்ப்பவர் கண்ணாடி வழியாகப் பசைப்பக்கத்தைத்தான் பார்க்கப்போகிறார். ஆனால் கையில் கொக்கியோடு குனிந்திருந்த எனக்கு, அரைமணி நேரமாகப் புரியாத உருவங்களாகக் கிடந்தவை ‘இழுக்கவும்’ என்று தெளிவாக எழுந்து நின்றது பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. எது களை, எது பயிர் என்ற ஐயமே அதன் பிறகு எழவில்லை. நான்கு புள்ளிகளும் நான்கு மூலைகளில் அசையாமல் இருந்தன.

டேப்பைப் பற்றி ஒரு சொல். அது வினைலைப் பின்தாளிலிருந்து தூக்கும் அளவுக்கு வலுவாகவும், கண்ணாடியிடம் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். முதல் முறை நான் பயன்படுத்தியது அளவுக்கு மீறிய பிடிப்புள்ளது. ஒட்டும்போதே புள்ளிகளைப் பாதி தூக்கிவிட்டிருந்தது. பிடிப்பு அதிகமென்று தோன்றினால் உடுத்திய சட்டைமேல் ஒருமுறை ஒட்டி எடுத்தால் தணிந்துவிடும்.

பரப்பைத் தயார் செய்வதில் நான் செய்த பிழை எளியது, பலரும் செய்வது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்துப் பளபளவென்று துடைத்தேன். அந்தப் பளபளப்புக்காகச் சேர்க்கப்படும் பொருள்களின் படலம் கண்ணாடிமேல் தங்கிவிடுகிறது. பசை கண்ணாடியில் ஒட்டாமல் அந்தப் படலத்தில்தான் ஒட்டுகிறது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடைத்து, அது தானாக உலரும் முன்பே மற்றோர் உலர்ந்த துணியால் துடைத்தெடுப்பதே சரி. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் எவ்வளவு துடைத்தாலும் பசை சரியாகப் பிடிக்காது. அவற்றின் பரப்பே அப்படி. புதிதாக வண்ணம் அடித்த பரப்பு வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்று வாரங்களாவது காத்திருக்க வேண்டும்.

சோப்பு நீர் தெளித்து ஒட்டும் முறை பெரிய ஸ்டிக்கர்களுக்கு நல்லது. நகர்த்திச் சரிசெய்ய இடம் கிடைக்கும். சிறு எழுத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அடியில் நீர் இருக்கும்வரை புள்ளி டேப்போடுதான் போகும், கண்ணாடியோடு நிற்காது.

இரண்டாம் முறை 651 வினைலோடு போனேன். உட்புறத்தைத் துடைத்து, சொல்லை டேப்போடு இடத்தில் வைத்து, நடுவில் ஒரு காகித டேப்பைச் செங்குத்தாக ஒட்டி அதையே கீலாக்கிக்கொண்டேன். ஒரு பாதியின் பின்தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளாஸ்டிக் தகட்டால் தேய்த்துக்கொண்டே போய், கீலை எடுத்துவிட்டு மறு பாதியையும் அவ்வாறே செய்தேன். (தலைகீழாகக் களையெடுத்த பிறகு அதே பின்தாளைத்தான் மீண்டும் பசைமேல் மூடி வைத்திருந்தேன், அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.) பின்னர் ஒவ்வொரு புள்ளியின்மேலும் கட்டைவிரல் நகத்தை வைத்து டேப்போடு சேர்த்து அழுத்தி, சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தேன். இவ்வகைப் பசை அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அது பரவிப் படிய நேரமும் ஆகிறது. முழுப் பிடிப்பு வர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். எனவே மூன்று நாள்களுக்குக் கதவைத் துடைக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவைத்தேன். முதல் முறை இதைச் சொல்லாததால், மறுநாள் காலையிலேயே யாரோ ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள்.

டேப்பை உரித்தபோது மூன்று புள்ளிகள் கண்ணாடியில் நின்றன. ‘இழுக்கவும்’ சொல்லின் கடைசி மகர மெய்யின் புள்ளி மட்டும் ஓர் ஓரத்தில் டேப்போடு எழும்பத் தொடங்கியது. இழுப்பதை அங்கேயே நிறுத்தி, டேப்பை மீண்டும் படியவைத்து, நகத்தால் அழுத்தி, இம்முறை எதிர்ப்பக்கத்திலிருந்து, டேப்பை அதன்மேலேயே மடக்கி மிக மெதுவாக உரித்தேன். புள்ளி கண்ணாடியில் தங்கியது. தாளின் ஓரத்தில் அதே அளவில் பத்து வட்டங்களைக் கூடுதலாக வெட்டி வைத்திருந்தேன். பின்தாளோடு அந்தத் துண்டை நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஓராண்டு கழிந்தும் அது அவருடைய மேசை இழுப்பறையில் பத்து வட்டங்களோடு இருக்கிறது.